பல்வலியும் பரிகாரமும்



புத்தளம் களப்பின் கரையோரமாகப் பயணஞ் செய்தவர்கள் அங்குள்ள உப்பளங்களைக் கண்டிருப்பார்கள். வெயிற் காலத்திலே பாத்திகளில் நீர் வற்றி, உப்பு வெண்மையாய்க் குவிந்து கிடக்கும். உப்பு விளையும் கரையிலே பிறந்து வளர்ந்த எங்களுக்குப் பல்வலிக்கு முதல் மருந்தும் உப்பேயாகும். நள்ளிரவிலே பல் குத்தத் தொடங்கினால், வீட்டிலுள்ள மூத்தோர் இளஞ்சூட்டு நீரிலே சிறிது உப்பைக் கரைத்துத் தந்து, வாய்க்குள் வைத்திருந்து கொப்புளிக்கச் சொல்வார்கள். நோவு சற்றுத் தணியும், நித்திரையும் வரும். பொழுது விடிந்ததும் பல்லை மறந்துவிடுவோம். இந்த மறதியால் விளையும் கேட்டைப் பற்றியே இன்று உங்களோடு சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

நான் வைத்தியன் அல்லேன். கலைப் பட்டம் பெற்று, அரசாங்கப் பாடசாலைகளிலே நெடுங்காலம் ஆசிரியனாய் இருந்து, இன்று இக்கரையோரத்திலே ஒரு பாடசாலையின் அதிபராய்க் கடமையாற்றுபவன். ஆயினும் பல்வலியைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு ஓர் உரிமை உண்டு. அதை உரிமை என்பதிலும் கடன் என்பதே பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் ஐந்தாந் தரத்திலே ஒரு சிறுவன் படித்தான். தந்தை கடற்றொழிலாளி. புலமைப்பரிசில் பரீட்சையிலே நிச்சயமாகச் சித்தியடைவான் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த பிள்ளை அவன். பரீட்சைக்குச் சில வாரங்கள் இருக்கையில் கன்னத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வகுப்பிலே இருந்தான். கேட்டபோது, பல்லுக்கொதி என்றான். இரண்டு மூன்று நாட்கள் துடித்தான். பின்பொரு நாட் காலை சிரித்த முகத்தோடு வந்து, "சேர், இப்போது வலி இல்லை" என்றான். நானும் மகிழ்ந்து, "நல்லது மகன், போய்ப் படியும்" என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு கிழமைகள் சென்றன. ஒரு நாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. கன்னமும் தாடையின் கீழ்ப்புறமும் வீங்கி, வாயைத் திறக்க இயலாமல், காய்ச்சலோடு வைத்தியசாலையிலே சேர்க்கப்பட்டான் என்று செய்தி வந்தது. பரீட்சை நாளன்று அவன் வைத்தியசாலைக் கட்டிலிலே கிடந்தான். உயிர் தப்பினான், ஆனால் ஒரு நிரந்தரப் பல்லையும் பரீட்சையையும் இழந்தான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, அங்கிருந்த வைத்தியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "வலி நின்ற நாளிலே இவனை ஏன் கொண்டுவரவில்லை?" வலி இருந்த நாளிலே ஏன் கொண்டுவரவில்லை என்று அவர் கேட்டிருந்தால் எனக்கு வியப்பு இராது. வலி நின்ற பின்னர் வைத்தியரிடம் போவதா? அந்தக் கேள்வியின் பொருளை அன்று நான் விளங்கிக்கொள்ளவில்லை. அதை விளங்கிக்கொள்வதற்குப் பல்லின் அமைப்பைச் சிறிது அறிந்திருக்க வேண்டும்.

வெளிப்பார்வைக்குப் பல் ஒரு கற்றுண்டு போலத் தோன்றினும், அது உயிருள்ள உறுப்பு. அதன் புறத்தே மிளிரி என்னும் கவசம் உள்ளது. மனித உடலிலே மிளிரியைப் போலக் கடினமான பொருள் வேறில்லை. எலும்பும் அதற்கு ஈடாகாது. ஆனால் அதிலே நரம்பு கிடையாது. ஒரு முறை அழிந்தால் அது மீண்டும் வளர்வதுமில்லை. மிளிரிக்கு உள்ளே பன்முதல் என்னும் படை உண்டு. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய குழாய்கள் எண்ணிறந்தன அதனூடே செல்கின்றன. நடுவிலே மச்சைக்குழி இருக்கிறது. இரத்தக் குழாய்களும் நரம்பும் அக்குழியிலேதான் உள்ளன. வேரின் நுனியிலுள்ள சிறு துவாரத்தின் வழியாக அவை தாடை எலும்பிலிருந்து பல்லினுள் வருகின்றன. முரசும் எலும்பும் பல்லைப் புறத்தேயிருந்து தாங்கி நிற்கின்றன.

இனி நோய் தொடங்கும் விதத்தைப் பார்ப்போம். பல்லைப் புழு அரிக்கிறது என்று நம் முன்னோர் நம்பினர். இன்றும் பூச்சிப்பல் என்றே சொல்கிறோம். இது நமக்கு மட்டும் உரிய நம்பிக்கை அன்று. பழைய பாபிலோனியரும் சீனரும் ஐரோப்பியரும் அவ்வாறே நம்பினர். சில விதைகளைத் தீயிலிட்டு அப்புகையை வாயிலே பிடித்தால் புழு விழும் என்று ஐரோப்பாவிலும் செய்துவந்தனர். சூட்டிலே வெடித்த விதையிலிருந்து வெளிப்பட்ட முளையையே புழு என்று கண்டு மயங்கினர். 1728ஆம் ஆண்டில் பல் வைத்தியத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்ட பிரெஞ்சு வைத்தியர் பியர் போசார், உருப்பெருக்கியினூடே தேடியும் தாம் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். பின்னர் பெர்லின் நகரிலே ஆராய்ச்சி செய்த அமெரிக்கராகிய வில்லபி மிலர் 1890ஆம் ஆண்டில் தமது நூலை வெளியிட்டு உண்மையைத் தெளிவுபடுத்தினார். வாயிலே வாழும் நுண்ணுயிர்கள் இனிப்பையும் மாப்பொருளையும் உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலமே பல்லைக் கரைக்கிறது.

இந்த விளக்கத்திலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. எவ்வளவு சீனி உண்கிறோம் என்பதைப் போலவே, எத்தனை தடவை உண்கிறோம் என்பதும் முக்கியமாகும். இனிப்பு வாயிற்பட்ட சில நிமிடங்களிலே அமிலம் உண்டாகிறது. உமிழ்நீர் அதனைத் தணித்து, பல் இழந்த கனிப்பொருளை மீளச் சேர்ப்பதற்கு ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். அதற்குள் மறுபடியும் ஒரு டொபி, மறுபடியும் ஒரு கோப்பை தேநீர் என்றால், பல்லுக்கு ஓய்வு ஏது? பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. சீனியிலும் பனங்கட்டி நல்லதென்று எண்ணுகிறோம். நுண்ணுயிர்களோ அந்த வேறுபாட்டை அறியா. அவற்றுக்கு இரண்டும் உணவே. இரவிலே பாற்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் முன்பற்கள் கறுத்துச் சிதைவதும் இதனாலேயாகும். உறக்கத்திலே உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் தீங்கு இன்னும் மிகும்.

பற்சிதைவு படிப்படியாக முன்னேறுவது. முதற்படியிலே மிளிரியிலே வெண்மையான மாசு போன்ற ஓர் அடையாளம் தோன்றும். மிளிரியிலே நரம்பில்லாமையால் வலி இராது. நோய் தொடங்கிவிட்டது, ஆனால் அதை அறிவிப்பதற்கு ஒருவருமில்லை. இந்நிலையிலே புளோரைட்டு மருந்து பூசியும், இனிப்பைக் குறைத்தும் பல்லைத் துளையிடாமலே காப்பாற்றலாம்.

இரண்டாம் படியிலே சிதைவு பன்முதலை அடைகிறது. இப்பொழுது குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டால் சுரீரென்று கூசும். அதை நீக்கியவுடன் கூச்சமும் நின்றுவிடும். இதுவே பல் நமக்கு அனுப்பும் முதற் கடிதம். இதற்குப் பரிகாரம் எளிது. வைத்தியர் சிதைந்த பகுதியை அகற்றி, குழியை அடைத்துவிடுவார். பெரும்பாலும் ஒரே அமர்விலே வேலை முடியும். பல்லும் நெடுங்காலம் நிற்கும்.

அந்தக் கடிதத்தைப் படியாமல் விட்டால் மூன்றாம் படி வருகிறது. நுண்ணுயிர்கள் மச்சையை அணுக, அது அழற்சியுறுகிறது. உடலின் வேறெந்தப் பகுதியிலும் அழற்சி வந்தால் அவ்விடம் வீங்குவதற்கு இடமுண்டு. மச்சையோ நாற்புறமும் கடினமான சுவருள்ள சிறைக்குள் இருக்கிறது. அங்கே இரத்தம் மிகும்போது வீங்குவதற்கு இடமின்றி, அழுத்தம் முழுவதும் நரம்பின்மேல் விழுகிறது. இதனாலேயே பல்வலி மற்ற வலிகளினும் கொடிதாகிறது. படுத்தவுடன் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடுவதால் வலியும் கூடுகிறது. பல்வலிக்காரர் இரவிலே எழுந்து நடமாடுவதன் காரணம் அதுவே. சூடான பானம் பட்டால் வலி எழுந்து நெடுநேரம் நிற்கும். ஒன்றும் படாமலே தானாகவும் எழும். இந்த நிலையிலே வெறும் அடைப்பு போதாது. மச்சையை அகற்றி, வேர்க் குழாய்களைச் சுத்தஞ் செய்து அடைக்கும் வேர்ச் சிகிச்சை வேண்டும். அதற்கு வழியில்லையேல் பல்லைப் பிடுங்க வேண்டும்.

நான்காம் படியே நான் விளங்கிக்கொள்ளத் தவறிய படி. சில நாட்கள் துடித்த பின்னர் மச்சை இறந்துவிடுகிறது. நரம்பும் அதனுடன் இறக்கிறது. நரம்பு இறந்தால் வலி ஏது? வலி நின்றுவிடும். வீட்டார் மகிழ்வர். உப்பு நீர் பலித்தது என்பார் ஒருவர். நேர்த்தி பலித்தது என்பார் மற்றொருவர். உண்மையிலே நடந்தது என்ன? காவற்காரன் கூவிக் கூவி இறந்துபோனான். கள்வர் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றனர். இறந்த மச்சையிலே நுண்ணுயிர்கள் பெருகி, வேர் நுனித் துவாரத்தின் வழியாகத் தாடை எலும்பினுள் இறங்குகின்றன.

அங்கே சீழ் கட்டுகிறது. இதுவே ஐந்தாம் படி. பல் சற்று உயர்ந்துவிட்டது போலத் தோன்றும், கடித்தால் நோகும். சிலருக்கு முரசிலே சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, மறுபடியும் தோன்றும். சிலருக்குக் கன்னம் வீங்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் தாடையின் அடியிலும் நாக்கின் அடியிலும் பரவுமாயின், அவ்வீக்கம் சுவாச வழியை நெருக்கி உயிருக்கே ஆபத்தாகும். ஜெர்மன் வைத்தியராகிய லூட்விக் என்பவர் 1836ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. ஆகையால், பல்வலியோடு தாடையின் கீழ் வீக்கமோ, காய்ச்சலோ, வாயைத் திறக்க இயலாமையோ, விழுங்குவதற்கும் மூச்சு விடுவதற்கும் கஷ்டமோ கண்டால், பல் வைத்தியரின் நாளைப் பார்த்திராமல், இரவானாலும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். எங்கள் சிறுவனுக்கு வந்தது இந்த வீக்கத்தின் தொடக்கமே.

அவன் இழந்தது ஒரு நிரந்தரப் பல் என்று சொன்னேன். அவனுடைய தாயார் அதைப் பாற்பல் என்றே எண்ணியிருந்தார். விழப் போகிற பல்லுக்கு ஏன் வைத்தியம் என்று இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, நானும் அறிந்திருக்கவில்லை. ஏறக்குறைய ஆறு வயதிலே, பாற்பற்களுக்கெல்லாம் பின்னால், ஒரு பாற்பல்லும் விழாமலே முதலாவது நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. ஒன்றும் விழாமல் வந்தமையால் பெற்றோர் அதனையும் பாற்பல்லாகவே கொள்கின்றனர். மேலும் கீழுமாக நான்கு பற்கள் இவ்வாறு வருகின்றன. ஆயுள் முழுவதும் சோறு மெல்ல வேண்டிய பற்கள் இவை. ஆழமான பள்ளங்கள் உள்ளமையால் எளிதிலே சிதைவதும் இவையே. ஆறு வயதுப் பிள்ளையுள்ள பெற்றோர் இதனை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். பாற்பல்லையும் அலட்சியம் செய்யலாகாது. அதிலே வந்த சீழ் அடியிலே உருவாகும் நிரந்தரப் பல்லையும் கெடுக்கக் கூடும்.

பற்சிதைவு ஒன்றே பல்வலிக்குக் காரணமன்று. முரசு நோய் மற்றொரு பெருங் காரணம். இதனைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் முக்கியமான ஒரு பகுதி நமது மலையகத் தோட்டத் தொழிலாளரிடமிருந்து கிடைத்தது. நோர்வே நாட்டவராகிய ஹரல்ட் லோ என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1970ஆம் ஆண்டிலே இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலே 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்து, பதினைந்து ஆண்டுகள் வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். பற்றூரிகையால் துலக்கும் வழக்கமும் பல் வைத்தியமும் இல்லாதவர்கள் அவர்கள். பற்சிதைவு அவர்களிடம் அநேகமாக இல்லை. ஆனால் பல்லிலே அழுக்கும் காரையும் படிந்து, முரசு அழற்சியுற்றிருந்தது. 1986ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லைத் தாங்கும் பகுதி விரைவாக அழிந்தது. 81 பேருக்கு மெல்ல மெல்ல அழிந்தது. 11 பேருக்கு மட்டும் முரசு அழற்சியைத் தாண்டி நோய் செல்லவில்லை.

இங்கேயும் வலியின்மையே நம்மை ஏமாற்றுகிறது. முரசு நோய் பெரும்பாலும் வலியின்றியே வளர்வது. துலக்கும்போது இரத்தம் கசிதல், வாய் நாற்றம், முரசு கீழிறங்கிப் பல் நீண்டு தோன்றுதல், பல் அசைதல் என்பனவே அதன் அடையாளங்கள். இரத்தம் வருகிறதென்று துலக்காமல் விடுவோர் பலர். அது பிழை, துலக்காமையாலேயே இரத்தம் வருகிறது. படிந்த காரையை வைத்தியர் கருவியால் அகற்றுவார். அகற்றினால் பல் தளரும் என்ற அச்சம் வேண்டாம். பல்லைத் தளர்த்துவது காரையே. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நோய் கடுமையாக வரும். புகைத்தலும் அதனை மிகுவிக்கும்.

வேறு காரணங்களும் உள. பதினேழு வயதுக்கு மேல் முளைக்கும் ஞானப்பல் இடம் போதாமல் பாதி வெளிவந்து நிற்க, அதன் மேல் மூடிய முரசுக்குள் உணவு சிக்கி அழற்சி உண்டாகலாம். பாக்கையும் நண்டு ஓட்டையும் கடித்தலால் பல்லிலே வெடிப்பு உண்டாகலாம். உமிக்கரி, செங்கற்றூள் முதலியவற்றால் அழுத்தித் தேய்ப்பதால் பல் தேய்ந்து கூசலாம். மூக்கருகே உள்ள எலும்பறைகளிலே சளி கட்டினால் மேற் பற்கள் யாவும் நோவது போலத் தோன்றும். இன்னுமொன்றை மூத்தோர் மறவாதிருக்க வேண்டும்: நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ தாடையிலே நோவு எழுந்து, நெஞ்சிலே பாரமும் வியர்வையும் கூட இருந்தால், அது மாரடைப்பாகவும் இருக்கலாம். அங்கே கராம்பைத் தேடிக்கொண்டிருக்கலாகாது. உடனே வைத்தியசாலையை நாட வேண்டும்.

கராம்பைப் பற்றிச் சொன்னேன். கைவைத்தியத்தை நான் இகழவில்லை. இளஞ்சூட்டு உப்பு நீர் சிக்கிய உணவைக் கழுவி, முரசைச் சற்று ஆற்றும். கராம்பெண்ணெயிலே உள்ள ஒரு பொருள் நரம்பைச் சிறிது மரக்கச் செய்யும். பல் வைத்தியர்களும் அப்பொருளைத் தமது மருந்துகளிலே சேர்க்கின்றனர். அளவறிந்து உட்கொண்ட பரசிற்றமோலும் வலியைத் தணிக்கும். இவை யாவும் வைத்தியரிடம் போகும் வரைக்கும் உதவும் துணைகள். துணையை வைத்தியராக்கிவிடக் கூடாது.

செய்யத் தகாதனவும் சில உண்டு. அஸ்பிரின் குளிசையை முரசின்மேல் வைத்தால் முரசு வெந்துவிடும். பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கலாகாது. காய்ச்சலும் இருந்தால், டெங்கு வழங்கும் நமது நாட்டிலே பெரியவர்களும் பரசிற்றமோல் தவிர்ந்த வலிக் குளிசைகளைத் தாமாக எடுக்கலாகாது. சாராயத்தையோ புகையிலையையோ பல்லில் அடக்குவதால் புண்ணே மிஞ்சும். வீங்கிய கன்னத்துக்குச் சூட்டு ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் பெருகக் கூடும். கடையிலே சொல்லி வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளாலும் நோய் தீராது. மருந்து இரத்தத்தின் வழியாகச் செல்வது. மச்சை இறந்த பல்லினுள்ளே இரத்த ஓட்டமில்லை. வீக்கம் சிறிது வற்றும். மூலம் அப்படியே இருக்கும். வைத்தியர் பரிசோதித்துத் தேவையென்று கண்டால் மட்டுமே அம்மருந்து பயன் தரும்.

பலரைத் தடுத்து நிறுத்துவது அச்சமே. முற்காலத்திலே பல் பிடுங்குவதென்றால் ஆளைப் பிடித்துக் கட்டிவைத்துச் செய்தனர் என்பது உண்மை. 1905ஆம் ஆண்டிலே நோவக்கெயின் என்னும் விறைப்பு மருந்து வழக்கத்துக்கு வந்தது. 1943ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டிலே லிடோகெயின் என்னும் மேலான மருந்து தயாரிக்கப்பட்டது. இன்று ஊசி குத்தும் சிறு நோவைத் தவிர, பிடுங்கும்போது அழுத்தத்தை மட்டுமே உணர்வோம். மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை கெடும் என்றொரு நம்பிக்கை நமது கிராமங்களிலே உண்டு. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. பார்வைக்குரிய நரம்பு வேறு. பல் பிடுங்குவதால் பார்வை போவதில்லை. பிடுங்கிய பின்னர் பஞ்சை அழுத்திக் கடித்திருத்தல் வேண்டும். அன்று முழுவதும் கொப்புளிக்கவும் புகைக்கவும் கூடாது. அங்கே உறைந்த இரத்தமே புண்ணுக்கு மூடி. மறுநாள் முதல் இளஞ்சூட்டு உப்பு நீரால் மெல்லக் கழுவலாம். நமது உப்புக்கு உரிய இடம் இதுவே. இருதய நோய், நீரிழிவு, இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் மருந்து, கர்ப்பம் ஆகியவற்றை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் பல் வைத்தியத்தைப் பிள்ளைப்பேறு வரையும் ஒத்திவைக்க வேண்டியதில்லை.

வருமுன் காக்கும் வழி எளிது. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும், நம் முஸ்லிம் சகோதரர்கள் வழங்கும் மிஸ்வாக்கும் பல்லைத் துலக்க நல்லனவே. ஆயினும் கடைவாயின் பின்புறத்தை அவை எளிதில் அடைவதில்லை. வேண்டிய அளவு புளோரைட்டையும் தருவதில்லை. புளோரைட்டு சேர்ந்த பற்பசையால் காலையிலும், இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிடங்கள் துலக்குதல் வேண்டும். இரவுத் துலக்கலே முக்கியமானது; நம்மவர் கைவிடுவதும் அதனையே. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரிசி மணியளவு பசையும், ஆறு வயது வரை பயற்றளவும் போதும். பெரியவர் அருகிலிருந்து துப்பச் செய்ய வேண்டும். புளோரைட்டு அளவு மிஞ்சினால் தீங்கும் உண்டு. வடமத்திய மாகாணம் முதலிய உலர் வலயப் பகுதிகள் சிலவற்றிலே கிணற்று நீரில் அது மிகுந்திருப்பதால், பிள்ளைகளின் பற்களிலே பழுப்புக் கறை படிந்திருப்பதைக் காண்கிறோம். அத்தகைய நீரைக் குடிக்கும் இடங்களில் உள்ளவர்கள் பல் வைத்தியரைக் கேட்டு நடப்பது நன்று.

வெற்றிலை போடுவோருக்கும் ஒரு வார்த்தை. பாக்குச் சேர்ந்த வெற்றிலைக் கூட்டு, புகையிலை இல்லாவிடினும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டில் அறிவித்தது. நமது நாட்டு ஆண்களிடையே வாய்ப்புற்று மிகுதி. அதுவும் தொடக்கத்திலே வலிப்பதில்லை. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் வரவரக் குறுகித் திறத்தல் ஆகியவற்றுள் எது கண்டாலும் காட்டிவிட வேண்டும்.

இவை யாவற்றுக்கும் பணம் எங்கே என்று கேட்பீர்கள். அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளிலே கட்டணமில்லை. புத்தளத்திலும் சிலாபத்திலும் அத்தகைய பிரிவுகள் உள்ளன. பிள்ளைகளுக்கெனப் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை ஒன்றும் உண்டு. நியூசிலாந்து 1921ஆம் ஆண்டிலே தொடங்கிய முறையைப் பின்பற்றி, கொழும்புத் திட்டத்தின் கீழ் அந்நாட்டின் உதவியோடு மகரகமையிலே பயிற்சி நிலையம் அமைக்கப்பட்டு, இச்சேவைக்கு உரியோர் பயிற்றப்படலாயினர். நமது இழப்பு மருந்தில்லாமையால் வருவதன்று, தாமதத்தால் வருவது. கடலுக்குப் போகாத நாள் வரட்டும், அறுவடை முடியட்டும், பரீட்சை முடியட்டும் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்க, சிதைவு ஒரு நாளும் ஓய்வெடுப்பதில்லை.

அந்தச் சிறுவன் இப்பொழுது மேல் வகுப்பிலே நன்றாகப் படிக்கிறான். சிரிக்கும்போது கடைவாயிலே ஓர் இடம் வெறுமையாய்த் தெரியும். அவன் அதனை மறந்திருப்பான், நான் மறக்கவில்லை. இப்பொழுதெல்லாம் எங்கள் பாடசாலையிலே எந்தப் பிள்ளையேனும் பல் வலிக்கிறதென்றால், அன்றே பெற்றோருக்குச் செய்தி போகும். இரண்டு நாட் கழித்து, "வலி போய்விட்டது, சேர்" என்று அதே பிள்ளை வந்து சொன்னால், "அப்படியானால் நாளைக்கே வைத்தியரிடம் போக வேண்டும், மகன்" என்று சொல்லி, மறுபடியும் செய்தி அனுப்புகிறேன். பெற்றோர் சிலர் இதனைக் கேட்டுச் சிரிக்கின்றனர். சிரிக்கட்டும், பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுச் சிரிக்கட்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அண்மையிலே பல்வலி வந்து தானாக நின்றவர் ஒருவர் இருக்கக் கூடும். இந்தப் பேச்சு முடிந்ததும் அவரை அழைத்து, எந்தப் பல் என்று கேளுங்கள். நாளைக் காலையிலே அந்தப் பல்லை ஒரு வைத்தியர் பார்க்கட்டும்.